பழைய பைக்குக்கு எந்த பிரேக் பேட்? டிஸ்க்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: "1982ல் தயாரான 400 சிசி பைக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். இரட்டை சிலிண்டர், முன்னால் ஒற்றை டிஸ்க், பின்னால் டிரம். ஆறு வருஷம் ஓடாமல் கிடந்த வண்டி. எஞ்சின் வேலை முடிந்து நன்றாக ஓடுகிறது. ஆனால் முன் பிரேக் கட்டையைப் பிடித்த மாதிரி இருக்கிறது. லீவர் கெட்டியாக நிற்கிறது, வண்டிதான் நிற்க மாட்டேன் என்கிறது. பேட் மாற்றலாம் என்று போனால் ஆர்கானிக், செமி மெட்டாலிக், சின்டர்டு என்று மூன்று வகை காட்டுகிறார்கள். 'ஹெச்ஹெச்' என்று குறி போட்ட சின்டர்டுதான் இருப்பதிலேயே பலமானது, அதையே போடு என்கிறார் நண்பர். வண்டியோடு பிரிக்காத பழைய பேட் பெட்டி ஒன்றும் வந்தது. அதையே மாட்டிவிடலாமா என்றும் ஒரு யோசனை. எதைப் போடட்டும்?"

பதில்:

சின்டர்டு வேண்டாம். உங்கள் வண்டிக்கு ஆர்கானிக் பேட் போதும். மழையில் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால் செமி மெட்டாலிக் போடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு பேட் வாங்கி மாட்டினால், மறுநாளும் அதே கட்டைப் பிரேக்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவிய வரி, லீவர் கெட்டியாக நிற்கிறது என்பது. பிரேக் ஆயிலுக்குள் ஏர் இருந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் கொஞ்சம் ஏறும். உங்களுக்கு அப்படி இல்லை. கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், உங்கள் கையின் பலம் வழியில் எங்கேயோ தங்கிவிடுகிறது. அல்லது டிஸ்க் வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தும் அங்கே உராய்வு கிடைக்கவில்லை. பேட் குற்றவாளி என்றால் இரண்டாவது வகை. முதல் வகை என்றால் எந்தக் கம்பெனி பேடை மாட்டினாலும் பலன் இல்லை.

முதலில் பழைய பேடுகளைக் கழற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாதி விஷயத்தை அவையே சொல்லிவிடும். மேல் பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது வெந்து இறுகிப்போன பேட். மினுக்கத்தோடு கருத்து, ஈரம் பட்டது போல ஒரு ஓரம் இருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் ஒழுகுகிறதா என்று உடனே பாருங்கள், ஏனென்றால் ஒழுகும் எண்ணெய் நேராக, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் மேலேதான் வடியும். எண்ணெய் குடித்த பேடை பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி, உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேல்பரப்பு சுத்தமாகத் தெரியும். உள்ளே ஊறியது அடுத்த முறை சூடானதும் மெல்ல மேலே வரும். அதைத் தூக்கிப் போடுவது தவிர வேறு வழி கிடையாது.

இரண்டு பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா? ஒற்றை டிஸ்க் வைத்த அந்தக் கால வண்டிகள் பலவற்றில் காலிப்பருக்கு ஒரு பக்கம்தான் பிஸ்டன் இருக்கும். பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை நேராகத் தள்ளும். அந்தத் தள்ளலிலேயே காலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள் மேல் நகர்ந்து வந்து எதிர்ப்பக்கப் பேடை இழுத்துப் பிடிக்கும். ஆறு வருஷம் நின்ற வண்டியில் அந்தப் பின்கள் இறுகிப்போயிருந்தால் காலிப்பர் நகராது. பிஸ்டன் தன் பக்கத்துப் பேடைக் கொண்டு டிஸ்க்கை வளைக்கப் பார்க்கும். உங்கள் கைக்கு அது கெட்டியான லீவராகத் தெரியும், பிடிப்பதோ பாதிதான். ஒரு பேட் நன்றாகத் தேய்ந்து மற்றது புதுசாட்டம் இருந்தாலும், பேட் ஆப்பு வடிவத்தில் ஒருசாய்வாகத் தேய்ந்திருந்தாலும், பின்களைக் கழற்றித் துடைத்து, கிழிந்த ரப்பர் உறையை மாற்றுங்கள். சாதாரண கிரீஸ் மட்டும் வேண்டாம். பெட்ரோலியம் சேர்ந்த எதுவும் பிரேக் ரப்பரை ஊதவைத்துவிடும். சிலிகான் கிரீஸ், அல்லது இதற்கென்றே விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ் போடுங்கள்.

அடுத்தது பிஸ்டன். பேடுகளைக் கழற்றிய நிலையில், காலிப்பருக்குள் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, லீவரை மெல்ல அமுக்குங்கள். பிஸ்டன் சீராக வெளியே வர வேண்டும். லீவரை விட்டதும் ஒரு மயிரிழை உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் கட்டை விரலால் தள்ளினால் மனமில்லாமலாவது உள்ளே போக வேண்டும். அந்த மயிரிழை விஷயம்தான் டிஸ்க் பிரேக்கில் எனக்குப் பிடித்த சமாச்சாரம். உள்ளே பேடைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சதுர வடிவ ரப்பர் சீல், பிஸ்டன் வெளியே வரும்போது அதோடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் பின்னால் இழுத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலை உள்ளே அடைத்து வைப்பது ஒரு வேலை, பேடைத் தளர்த்துவது இன்னொரு வேலை, இரண்டையும் ஒரே ரப்பர் வளையம் பார்க்கிறது.

அந்த சீல் உட்காரும் பள்ளத்தில், அலுமினியம் அரித்து, வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படியும். பழைய வண்டிகளில் இது சர்வ சாதாரணம். படிந்தது சீலை அடியிலிருந்து தூக்கும், சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். புது சீல் வாங்கிப் போட்டும் பிரேக் இறுகுகிறது என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பள்ளத்தைச் சுரண்டாதவர்கள்தான். காலிப்பரைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பித்தளைக் கம்பியால் பொறுமையாகச் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம், பள்ளத்தில் கோடு விழும். பிஸ்டனின் குரோம் பூச்சில் குழி விழுந்திருந்தால் பிஸ்டனே புதுசு. உப்புத்தாளால் தேய்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், அந்தக் குழி சீலைக் கிழிக்கும்.

அப்புறம் பிரேக் ஆயிலைக் காலிப்பருக்குக் கொண்டு போகும் ஹோஸ். ரப்பர் ஹோஸுக்கு 4 ஆண்டு ஆயுள் என்றுதான் ஜப்பான் வண்டிகளின் பராமரிப்பு அட்டவணைகள் பலவற்றில் இருக்கும். உங்களுடையது 1982லிருந்தே அதே ஹோஸாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒருவரை லீவரை அழுத்தச் சொல்லிவிட்டு ஹோஸை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். ஊதுவது தெரிந்தால் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே தோல் உரிந்து, ஒருவழிக் கதவு மாதிரி அடைத்துக்கொள்ளும் ஹோஸும் உண்டு. அப்படி இருந்தால் பிரேக் பிடித்த பிறகு விடாது, சக்கரம் உரசிக்கொண்டே சுற்றும்.

இப்போது பலர் யோசிக்காத இடத்துக்கு வருகிறேன். லீவர் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும், ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் உங்கள் வண்டிக்கே உரியதுதானா? நாற்பது வருஷத்துப் பழைய வண்டி, எத்தனை கைமாறியதோ. ஒரு காலத்தில் ஒழுகியிருக்கும். யாரோ கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். கிடைத்தது பெரும்பாலும் இரட்டை டிஸ்க் வண்டியினுடையதாக இருக்கும். சிலிண்டரின் உடம்பில் அதன் உள்விட்டம் எண்ணாக வார்க்கப்பட்டிருக்கும், தேடிப் பாருங்கள். ஒற்றை டிஸ்க்குக்கு 14 மி.மீ. போதும் என்ற இடத்தில் 5/8 அங்குலம் என்று இருந்தால், அதாவது ஏறத்தாழ 15.9 மி.மீ., வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கணக்கு பரப்பளவில். பரப்பளவு சுமார் 29 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அழுத்தம் உண்டாக்க உங்கள் விரல்கள் 29 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். லீவர் கல் மாதிரி இருக்கும், கொஞ்சம்தான் நகரும், வண்டி நிற்காது. நீங்கள் எழுதியிருப்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது. இப்படி வந்த ஒரு வண்டிக்கு, ஆரம்ப காலத்தில் நானே மூன்று ஜோடி பேட் மாற்றியிருக்கிறேன். மூன்றாவது ஜோடியிலும் ஒன்றும் நடக்காத பிறகுதான் தலையை நிமிர்த்தி ஹேண்டில்பாரைப் பார்த்தேன்.

இதையெல்லாம் முடித்துவிட்டீர்கள், அல்லது எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி பேட். ஆனால் பேடுக்கு முன்னால் டிஸ்க்.

பேட் தனியாக எதையும் நிறுத்துவதில்லை, அதுவும் டிஸ்க்கும் சேர்ந்து ஒரு ஜோடி. ஜோடியில் ஒன்றை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. உங்கள் நண்பர் விட்ட இடம் இதுதான். அவர் ஓட்டும் வண்டி புதுசு என்று நினைக்கிறேன். இன்றைய வண்டிகளின் டிஸ்க், சின்டர்டு பேடை மனதில் வைத்தே தேர்ந்தெடுத்த கடினமான துருப்பிடிக்காத எஃகு. உங்கள் வண்டியின் டிஸ்க் அந்தக் கணக்கில் செய்ததல்ல.

பழைய வண்டிகளில் டிஸ்க் இரண்டு விதம். 1969ல் ஹோண்டா சிபி750 வந்து டிஸ்க் பிரேக்கைப் பரவலாக்கிய பிறகு, ஜப்பான்காரர்கள் துருப்பிடிக்காத எஃகையே பெரும்பாலும் வைத்தார்கள். பார்க்கப் பளபளப்பு, துரு இல்லை, ஆனால் மழையில் அந்த ஆரம்பகால டிஸ்க்குகளின் பெயர் கெட்டுப்போனது. லீவரைப் பிடித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது, அப்புறம்தான் பிடிக்கும். பிரிட்டிஷ் வண்டிகளில் வார்ப்பிரும்பு. துருவேறி அசிங்கமாகத் தெரியும், பிடிப்போ பிரமாதமாக இருக்கும்.

உங்களுடையது எது? காந்தத்தை வைத்துப் பார்க்காதீர்கள். டிஸ்க்குக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகு வகையும் காந்தத்தில் ஒட்டும். எளிய வழி ஒன்று இருக்கிறது. ராத்திரி டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் பேட் உரசும் பரப்பில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தால் வார்ப்பிரும்பு. ஒன்றும் ஆகவில்லை என்றால் எஃகு. வார்ப்பிரும்பாக இருந்தால் சின்டர்டு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், டிஸ்க்கை உளிபோல் வரிவரியாக உழுதுவிடும். எஃகாக இருந்தாலும், 1980களின் தொடக்கத்து எஃகு டிஸ்க் பலவும் ஆர்கானிக் பேடுக்காகச் செய்தவை. சின்டர்டு அதில் பிடிக்காது என்று சொல்லவில்லை, பிடிக்கும், கூடவே டிஸ்க்கையும் தின்னும். புது பேட் எப்போதும் கிடைக்கும். நின்றுபோன மாடலுக்கு ஒரிஜினல் டிஸ்க் தேடிப் பாருங்கள், அப்போது புரியும் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று.

டிஸ்க்கின் கனமும் முக்கியம். குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று டிஸ்க்கின் உள்பக்கத்திலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். அளக்கும்போது பெரும்பாலோர் ஏமாறுவது ஓரத்து விளிம்பில். பேட் படாத வெளி ஓரம் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். வெர்னியரை அதன் மேல் வைத்து அளந்தால் டிஸ்க் புதுசு போலக் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் தேய்ந்த இடத்தில் ஒவ்வொரு சின்ன தட்டையான உலோகத் துண்டு வைத்து, அவற்றோடு சேர்த்து வெர்னியரில் அளந்து, துண்டுகளின் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த வரப்பு பெரிதாக இருந்தால் புது பேடின் ஓரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், நடுப்பகுதி டிஸ்க்கைத் தொடாது. அப்போதும் கட்டைப் பிரேக்தான்.

சரி, மூன்று வகைக்கு வருவோம். ஆர்கானிக் என்பது நார், உராய்வுத் தூள், ரப்பர் எல்லாவற்றையும் பிசினில் குழைத்து அழுத்தி வேக வைத்தது. அந்தக் காலத்தில் நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ். இன்று அந்த இடத்தில் பல நார்கள், அவற்றில் ஒன்று 1965ல் ட்யூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார். ஆர்கானிக் பேட் டிஸ்க்குக்கு மென்மை, சத்தம் குறைவு, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும், லீவரில் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குப் படிப்படியாகப் பிடிக்கும். சீக்கிரம் தேயும். நீளமான மலை இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு தளரும். எஃகு டிஸ்க்கில், மழையில், முதல் பிடியில் ஒரு தயக்கம் இருக்கும்.

செமி மெட்டாலிக் அதே குழம்பில் உலோகத் தூளும் இழையும் கூடுதலாகக் கலந்தது. வெப்பம் தாங்குவது, மழையில் பிடிப்பது, தேய்மானம் எல்லாம் நடுத்தரம். எவ்வளவு உலோகம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் இந்தப் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய வண்டிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே பட்டியலில் உங்கள் மாடலைப் போட்டிருந்தால் எடுக்கலாம்.

சின்டர்டில் பிசின் கிடையாது. செம்பு முதலான உலோகத் தூள்களை அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கி, துகளோடு துகளை ஒட்டவைத்தது. மழையில் தயங்காது, எவ்வளவு சூட்டிலும் சளைக்காது, நீண்ட நாள் உழைக்கும். கனமான, வேகமான வண்டிக்கு அருமையான சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உலோகம் என்பதால் வெப்பத்தை அப்படியே பின்னால் பிஸ்டனுக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் கடத்தும். உங்கள் வண்டியில் இருப்பது சின்ன காலிப்பர், ஆறு வருஷமாக ஈரத்தை உறிஞ்சிய ஆயில். இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆயில் என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் அது எண்ணெய் இல்லை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் கிளைக்கால் வகைத் திரவம். அதன் தரங்களை டாட் என்ற எண்ணால் குறிப்பார்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு அதே தரத்துக்குக் கேட்கப்படுவது 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழ், குமிழ் வந்தால் லீவர் கைப்பிடி வரை வந்து படுத்துவிடும். எந்தப் பேட் போட்டாலும் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள், அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கிறதோ அதுதான். டாட் 5 என்பது சிலிகான், டாட் 5.1 கிளைக்கால் வகை. எண் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒன்றோடு ஒன்று கலந்துவிடாதீர்கள்.

நண்பர் சொன்ன 'ஹெச்ஹெச்' பற்றி. பேடின் பின் தகட்டில் இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து வழக்கமான சூட்டில் உராய்வுக் குணகம், இரண்டாவது கடும் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, ஹெச் என்றால் 0.55க்கு மேல். ஆக, ஹெச்ஹெச் எந்தச் சூட்டிலும் உராய்வு அதிகம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். தரச் சான்றிதழ் இல்லை. இந்த எழுத்துகளுக்கான சோதனையில் ஒரு அங்குலச் சதுரத் துண்டை வெட்டி, சோதனை எந்திரத்தின் டிரம் மேல் உரசிப் பார்க்கிறார்கள். உங்கள் டிஸ்க்கை அந்த எந்திரம் பார்த்ததே கிடையாது. ஜிஎஃப், ஜிஜி அளவில் ஒரு ஆர்கானிக் பேட் கிடைத்தால் உங்கள் வண்டிக்குத் தாராளம்.

பிடிப்பு அதிகமாக இருப்பது நல்லதுதானே என்று கேட்பீர்கள். மெல்லிய முன் ஃபோர்க், ஒல்லியான டயர், எந்த எலக்ட்ரானிக் உதவியும் இல்லாத வண்டி. திடுக்கிட்டு லீவரைப் பிடிக்கிற அந்த ஒரு கணத்தில், மணல் கிடக்கிற ஈர ரோட்டில், முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் நீங்கள் கீழே. இந்த மாதிரி வண்டிக்கு, எவ்வளவு பிடிக்கிறது என்பதை விட எவ்வளவு நிதானமாகப் பிடிக்கத் தொடங்குகிறது என்பதுதான் நான் பார்ப்பது.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் அடுத்தடுத்த வருஷங்களில் காலிப்பர் மாறியிருக்கும், முன் ஃபோர்க்கையே யாராவது வேறு வண்டியிலிருந்து மாட்டியிருப்பார்கள். பழைய பேடைக் கையோடு கொண்டு போய், வடிவத்தையும் துளைகளையும் கனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின் தகட்டில் உராய்வு எழுத்து, தொகுப்பு எண், ஐரோப்பிய ஆர்90 விதிக்கான வட்டத்துக்குள் 'ஈ' குறி போன்றவை தெளிவாக இருந்தால் நம்பிக்கை கூடும். எதுவுமே அச்சிடாத மொட்டைத் தகடு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அப்போது மேலே ஆயில் கிண்ணம் நிறைந்து வழியும். டேங்க் பெயின்டில் பட்டால் உரித்துவிடும், கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டிஸ்க்கின் மேல் பழைய பேடின் படலம் ஒட்டியிருக்கும். உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாக லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். அப்புறம், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் லீவரைப் பல முறை பம்ப் செய்து பேடை டிஸ்க்கோடு சேர்த்துவிடுங்கள். இதை மறந்து பட்டறை வாசலிலேயே சுவரில் போய் முட்டியவர்களை எனக்குத் தெரியும்.

புது பேட் முதல் நாளே பிடிக்காது. கார், லாரி வராத ரோடு ஒன்றில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரைக்கும் நிதானமாகக் குறையுங்கள், நடுவில் கொஞ்ச தூரம் ஆற விடுங்கள், பத்துப் பதினைந்து முறை. முழுவதும் நிறுத்திச் சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அந்த இடத்தில் பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும். முதல் 200 கிலோமீட்டருக்கு அவசரம் தவிர அமுக்கிப் பிடிக்க வேண்டாம். ஆரம்பத்தில் பயந்து பயந்து தொட்டும் தொடாமலும் ஓட்டினாலும் பேட் மினுங்கி இறுகிவிடும், அதையும் பார்த்திருக்கிறேன். கீச்சென்று சத்தம் வந்தால் பேடின் ஓரங்களைச் சற்றே சரிவாக அரத்தில் தேய்த்து, பின் தகட்டில் மட்டும் சூடு தாங்கும் செராமிக் கிரீஸை மெல்லப் பூசுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

பின் டிரம்மில் ஷூ தேய்மானம் இருந்தால் சாதாரண ஷூவே போதும். ஆனால் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்த வருஷத்து ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிரிக்காத பெட்டி விஷயமும் இதே கதைதான். அதில் இருப்பதும் ஆஸ்பெஸ்டாஸ் காலத்துச் சரக்காக இருக்கலாம். அது இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், பேடைத் தகட்டோடு ஒட்டிய பசைக்கும் வயதாகியிருக்கும், ஒட்டுக்கு அடியில் துரு ஊர்ந்திருக்கும். வெளியில் பார்த்தால் புத்தம் புதுசு. ஓட்டும்போது ஒரு நாள் உராய்வுத் துண்டு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தால் தகடு மட்டும்தான் டிஸ்க்கில் மிஞ்சும். பழைய வண்டிச் சாமான் சேர்ப்பவர்களுக்கு அந்தப் பெட்டி பிடிக்கும், பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வையுங்கள்.